தெருவில் நிற்கும் வெள்ளை முயல் யாருடையது?

அடுக்ககத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. சீமைக் கருவேல ஓரத்தில் வெள்ளை முயல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனால் நாலடி தள்ளிப் போகிறது, ஆனால் ஓடி மறைவதில்லை. பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "காட்டுல இருந்து வந்திருக்கும், அப்படியே விட்டுடுங்க." இல்லையென்றால், "யாரும் இல்லாத முயல்தானே, நாம எடுத்துக்கலாம்."

இரண்டும் தவறு. அந்த வெள்ளை முயலுக்கு இந்தியாவில் காடே கிடையாது. யாரோ காசு கொடுத்து வாங்கி, கொஞ்ச நாள் வளர்த்து, கொண்டுவந்து விட்ட பிராணி அது. அதனால்தான் சட்டம் அதை ஆளில்லாப் பொருளாகப் பார்ப்பதில்லை. முயலை மீட்க நினைக்கிறவர் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், பிடிப்பது, வைத்துக்கொள்வது, புகார் கொடுப்பது, வேறு வீட்டுக்குத் தருவது எல்லாவற்றிலும் எது சரி, எது சிக்கல் என்பது தானாக விளங்கும்.

முதலில், அது எந்த முயல்?

வளர்ப்பு முயல், காட்டு முயல் இரண்டையும் தமிழில் முயல் என்றே சொல்கிறோம். உண்மையில் இரண்டும் வேறு இனம். சேர்ந்து குட்டி போடவும் முடியாது. கடையில் விற்கும் வளர்ப்பு முயல் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. நம் ஊர்க் காட்டு முயல் ஒல்லியாக, நீண்ட கால்களோடு, பழுப்பு நிறத்தில் இருக்கும். தென்னிந்தியாவில் இருப்பதற்குப் பிடரியில் கருப்புத் திட்டு உண்டு. வாலின் மேல்புறமும் கருப்பு. ஆளைக் கண்டால் நிற்காது. வெள்ளை, கருப்பு-வெள்ளை, சாம்பல், தொங்கும் காது, சிவப்புக் கண், இதில் எது இருந்தாலும் அது வளர்ப்பு முயல்.

குழப்பம் வருவது குட்டியில்தான். வளர்ப்பு முயலின் குட்டி முடியில்லாமல், கண் மூடியபடி பிறக்கும். கண் திறக்க 10 முதல் 12 நாள் ஆகும். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். புல்லுக்குள் அசையாமல் தனியாக உட்கார்ந்திருக்கும். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து அதைத் தூக்கி வருவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. தாய் பால் கொடுக்க மட்டும்தான் வந்து போகும். காட்டு முயல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். நாய் கடித்தோ வண்டி மோதியோ கிடந்தால் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லிவிட வேண்டும். அரசுடைமையாகிவிடும் வனவிலங்கு ஒருவர் கைக்கு வந்தால் தகவல் தர அந்தச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 48 மணி நேரம். குணமாகும்வரை நாமே வைத்திருந்து பிறகு சொல்லலாம் என்று இருந்தால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

வளர்ப்பு முயல் என்றால் வனத்துறைக்கு அதில் வேலை இல்லை. அவர்களைக் கூப்பிட்டுக் காத்திருந்து அரை நாளை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர். அதை எடுத்துப்போய்க் காட்டில் விடுவது இன்னும் மோசம். காட்டுக்குப் பழகாத பிராணி சில நாளில் கீரிக்கோ நாய்க்கோ இரையாகும். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே தனிக் குற்றம். தப்பித்தவறி அங்கே பெருகிவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா 1859-லிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இன்றும் வீட்டில் முயல் வளர்க்கத் தடை.

ஏன் இத்தனை முயல்கள் தெருவுக்கு வருகின்றன

கணக்கு எளிது. வாரச் சந்தையிலும் கடையிலும் முயலை 'ஜோடி'யாகத்தான் விற்பார்கள். குட்டியில் ஆண் பெண் பார்ப்பது கஷ்டம் என்பதால், இரண்டும் பெண் என்று சொல்லி வாங்கியதுகூட ஜோடியாக முடியும். சினைக்காலம் 31 நாள். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் சாதாரணம். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கக்கூடிய பிராணி இது. ஆக, ஜோடியைப் பிரிக்காமல் விட்டால் ஒரே மாத இடைவெளியில் அடுத்த ஈற்று. முதல் ஈற்றுக் குட்டிகள் நாலு மாதத்தில் தாங்களே சினைக்குத் தயார். பிறந்தநாள் பரிசாக வந்த இரண்டு முயல், ஒரு கோடைக்குள் மொட்டை மாடி முழுக்க முயலாகிவிடும். பிறகுதான் அட்டைப்பெட்டி, இரவு நேரம், ஏரிக்கரை.

இன்னொரு வழி பண்ணை. தமிழ்நாட்டில் இறைச்சி முயல் வளர்ப்பு சட்டப்படியான தொழில். கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வைத்திருக்கிறது. தொழில் நொடித்த சிறு பண்ணைகளின் முயல்கள் செல்லப்பிராணியாக விற்கப்படுவதும் உண்டு. மூன்று, நான்கு கிலோ எடையில் தெருவில் நிற்கும் வெள்ளை முயல் பெரும்பாலும் இந்த வம்சம்.

பிடிப்பது

துரத்தக் கூடாது. துரத்திப் பிடித்த முயல் கையிலேயே அதிர்ச்சியில் சாகலாம். ஒரே ஆள் போவதும் பயனில்லை. மூன்று பேர் வேண்டும். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அது மேயும் நேரம். நண்பகலில் புதருக்குள் கிடப்பதைக் கிளப்பினால் வெயிலில் ஓடி மூச்சு வாங்கிவிடும்.

தேவையானவை: மூன்றடி உயரத்தில் பதினைந்து இருபதடி நீளக் கம்பி வலை அல்லது பசுமைக்குடிலுக்குப் போடும் நிழல் வலை, ஒரு பெரிய துண்டு, காய்கறிக் கடையின் பிளாஸ்டிக் டிரே இரண்டு, ஒரு கட்டு கொத்தமல்லி. மீன் வலை வேண்டாம். நகம் சிக்கி உதறும்போது கால் முறியும். வலையைச் சுவரோரமாக 'ப' வடிவில் நிறுத்தி, கொத்தமல்லியை உள்ளே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். உள்ளே போனதும் இரண்டு பேர் மெதுவாக வலையைச் சுருக்கிக்கொண்டே வர, மூன்றாமவர் உட்கார்ந்தபடியே போய்த் துண்டைப் போட்டு மூட வேண்டும். நின்றுகொண்டு குனிந்தால் முயலின் கண்ணுக்கு அது பருந்து.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், மறு கை பின்புறத்துக்குக் கீழ். உடனே உடம்போடு அணைத்து, அதன் முகத்தை நம் முழங்கை மடிப்புக்குள் விட வேண்டும். இருட்டானால் அடங்கும். காதைப் பிடித்துத் தூக்குவது சினிமாவில் மட்டும் சரி. முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் 7, 8 சதவீதம்தான். பின்னங்கால் தசையோ மிக வலுவானது. பின்புறத்தைத் தாங்காமல் பிடித்தால் அது உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறியும். பின்னங்கால் செயலிழந்து வரும் முயல்களில் பல இப்படிப் பிடித்ததில் போனவை. மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடப்பதும் சுகத்தில் அல்ல, பயத்தில்.

ஒரு டிரேயில் துணி விரித்து முயலை வைத்து, இன்னொன்றைக் கவிழ்த்து நாலு மூலையிலும் கட்டிவிட்டால் காற்றோட்டமான பெட்டி தயார்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். முயலைத் தொடுவதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும்: அது நின்ற இடம், பக்கத்தில் கிடந்த பெட்டி, தண்ணீர் இருந்ததா இல்லையா, சுற்றிலும் எத்தனை நாய். அருகே கேமரா இருந்தால் அன்றைக்கே போய்க் கேட்க வேண்டும். சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். இதெல்லாம் எதற்கு என்பது பின்னால் தெரியும்.

முதல் நாள்

முயலுக்கு வியர்க்காது. சூட்டை வெளியே விடுவது காது வழியாகத்தான். 28 டிகிரிக்கு மேல் போனாலே சிரமப்படும். சென்னை மே மாத மொட்டை மாடி அதற்குக் கொலைக்களம். மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி என்பதால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசர நிலை. சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதைத் துடைத்து, மின்விசிறி போட்டு, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியில் போய்விடும். ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் தேவைப்படும்போது தானே போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

பட்டினி கிடந்த முயல் என்று பரிதாபப்பட்டு கேரட், சாதம், பிஸ்கட், முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுவதுதான் முதல் நாளில் நடக்கும் பெரிய தவறு. முயலின் குடல் நார்ச்சத்தில் ஓடும் இயந்திரம். மாவுச்சத்து திடீரென்று போனால் அது நின்றுவிடும். முதல் இரண்டு நாளுக்கு அருகம்புல்லும் கிண்ணத்தில் தண்ணீரும் போதும். பிள்ளையார் கோயில் வாசலில் விற்கிற அருகம்புல் கட்டே போதும். அலசி, ஈரம் உதறிப் போட வேண்டும். தெருவோரப் புல்லில் நாய் மூத்திரமும் பூச்சிமருந்தும் இருக்கும். பிறகு தீவனச் செடிகளான முயல் மசால் (பெயரே அதற்குத்தான்), வேலிமசால், கொஞ்சம் அகத்தி. குதிரை மசால் வளரும் குட்டிக்கு நல்லது, வளர்ந்த முயலுக்கு அளவோடு. மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டும். கேரட் தின்பண்டம், வாரத்தில் இரண்டு மூன்று துண்டு.

புழுக்கையைப் பாருங்கள். கொண்டைக்கடலைக்குக் கொஞ்சம் சிறிதாக, உருண்டையாக, உதிரியாக, ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு வரை போட்டால் குடல் ஓடுகிறது. மிளகளவுக்குச் சிறுத்தாலோ, முடியில் கோத்த மாலை மாதிரி வந்தாலோ கவனம். 12 மணி நேரம் தின்னாமலும் போடாமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவில் திராட்சைக் கொத்து மாதிரி மெதுவாக வருவதை அது தானே தின்னும். அது வயிற்றுப்போக்கு அல்ல, அதன் இரண்டாம் சாப்பாடு. சமையல் தராசில் தினமும் எடை போட்டுக் குறித்துவையுங்கள். உடம்பு சரியில்லாததை மறைக்கும் பிராணி இது; எடை மறைக்காது.

மூக்கு நுனியிலும் காது ஓரத்திலும் விரல்களிலும் வெள்ளைப் பொருக்கு இருந்தால் சொறி. மருத்துவர் எடைக்கு ஏற்ப ஐவர்மெக்டின் ஊசி போடுவார், இடைவெளி விட்டு மறுபடி போடுவார். நமக்கும் தொற்றும், கையுறை போட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு விஷம். வாய்வழியாகத் தரும் அமாக்ஸிசிலினும் அப்படித்தான். குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரை அழித்து இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். வீட்டில் மிச்சமிருந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது. நாய் பூனையே அதிகம் பார்க்கும் மருத்துவமனையில்கூட முயல் பார்த்துப் பழகியவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவமனை, 1962 என்ற எண்ணில் கால்நடை ஊர்தி.

இரண்டு வாரம் தனியாக வையுங்கள், வீட்டில் ஏற்கெனவே முயல் இருந்தால் வேறு அறையில். பெண் முயல் என்றால் 32 நாள் வரை சினை என்றே வைத்துக்கொண்டு ஒரு கூட்டுப் பெட்டி கொடுத்துவிட வேண்டும். தன் மார்பு முடியைப் பிடுங்கிப் பெட்டியில் பரப்பினால் அன்றோ மறுநாளோ ஈன்றுவிடும். தாய் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு தடவை மட்டும், சில நிமிடமே பால் கொடுக்கும். மற்ற நேரம் குட்டிப் பக்கமே போகாது. அதைப் பார்த்து, கவனிக்கவில்லையே என்று பசும்பாலை ஊட்டிக் குட்டிகளைக் கொல்கிறார்கள். காலையில் குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது என்று பொருள்.

அது உங்கள் முயல் ஆகிவிட்டதா?

இன்னும் இல்லை. சட்டப்படி வளர்ப்புப் பிராணி ஒரு உடைமை. கண்டெடுத்த பொருளைப் பற்றி, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 314-ஆம் பிரிவு தரும் விளக்கம் இதற்கும் பொருந்தும். உடையவருக்காகப் பாதுகாக்கவோ அவரிடம் சேர்க்கவோ எடுத்தால் குற்றமில்லை. ஆனால் உடையவர் யாரென்று தெரிந்தும், அல்லது தேடிப்பார்க்க நியாயமான முயற்சி எடுக்காமலும் நமதாக்கிக்கொண்டால் அது கையாடல். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை சொல்லவில்லை. 'நியாயமான காலம்' என்கிறது. எப்படியும் இரண்டு வாரம் தனிமைப்படுத்துகிறோம். அந்த இரண்டு வாரத்தையே தேடுவதற்கும் வைத்துக்கொள்வது வசதி.

தேடுவது என்றால், காவலாளி, இஸ்திரிக் கடை, பக்கத்து மருந்துக்கடை, அந்த வட்டாரக் கால்நடை மருத்துவர் ஆகியோரிடம் சொல்வது, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் படம் போடுவது. போடும் படத்தில் ஒரு அடையாளத்தை மறைத்துவிடுங்கள். இடது பின்னங்காலின் கருப்பு நகம், காதுக்குள் ஒரு மச்சம், ஏதாவது. என்னுடையது என்று வருகிறவர் அதைச் சொல்லட்டும். சொல்ல முடியாதவருக்கு முயல் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக இருக்கலாம்.

உடையவர் வந்தால் செலவைக் கேட்கலாமா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கண்டெடுத்தவர் அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 71-ஆம் பிரிவு. செலவுக்காக வழக்குப் போட முடியாது, ஆனால் செலவைத் தரும்வரை திருப்பித் தராமல் வைத்திருக்கலாம் என்கிறது 168. ஆகவே மருத்துவ ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள். வந்தவர், "ஆமாம், நான்தான் விட்டேன், நீங்களே வச்சுக்கங்க" என்றால் இன்னும் நல்லது. ஒரு வெள்ளைத் தாளில் தேதி, எத்தனை முயல், என்ன நிறம், உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற ஒரு வரி, கையெழுத்து. வாய்வார்த்தையாக விட்டால் மூன்று மாதம் கழித்து, முயல் கொழுகொழுவென்று ஆன பிறகு, திரும்பி வருவார்.

விட்டவருக்கு என்ன தண்டனை?

1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் தான் அடிப்படை. மாநிலங்களவையில் இதற்காக முதலில் மசோதா கொண்டுவந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். சட்டம் வந்தபின் 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11(1) பிரிவில், நியாயமான காரணமின்றி, பசியாலோ தாகத்தாலோ வேதனைப்படும் சூழலில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். போதிய இடமில்லாத கூண்டில் அடைப்பது, உடையவர் தீனி, தண்ணீர், நிழல் தராமல் இருப்பது, வேதனை தரும் விதத்தில் ஏற்றிச் செல்வது ஆகியவையும் அதே பிரிவில் வருகின்றன.

தண்டனை? முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எழுத்துப்பிழை இல்லை. 1960-ன் ரூபாய் அப்படியே நிற்கிறது. மழைக்காலத்தில் முயலுக்கு வாங்கும் ஒரு கட்டு கொத்தமல்லி இந்த அபராதத்தைத் தாண்டிவிடும்.

பிறகு எதற்குப் புகார்? இரண்டாம் தடவைக்குத்தான் சிறை என்பதால், முதல் தடவை பதிவாகியிருக்க வேண்டும். கடைக்காரரோ பண்ணைக்காரரோ தொடர்ந்து கொட்டுகிறார் என்றால் காகிதம்தான் பலம். அதோடு, நீங்கள் முயலை எப்போது, எப்படி எடுத்தீர்கள் என்பதற்கும் அந்தப் புகாரே சான்று.

புகார் கொடுக்கப் போகிறவர் இரண்டைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒன்று, கைவிடுதல் என்பது காவல்துறை தானாக விசாரிக்க முடியாத வகை, நான்-காக்னிசபிள் என்பார்கள். நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிச் சண்டை பிடித்துப் பயனில்லை. எழுத்து மூலம் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். மேலே போக வேண்டுமானால் குற்றவியல் நடுவரிடம் தனிப் புகார் கொடுக்கலாம். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 223-ஆம் பிரிவு அதற்கானது. இரண்டு, வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரக் கெடு மூன்று மாதம். 36-ஆம் பிரிவு சொல்கிறது. முயல் தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் கெடு போய்விடும். புகாரோடு வைக்க வேண்டியவை தொடுவதற்கு முன் எடுத்த படங்கள், கேமரா பதிவு, பார்த்தவர் இருவர் பெயர், எடையும் நீரிழப்பும் காயமும் எழுதிய கால்நடை மருத்துவர் சான்று. 'கைவிட்டார்' என்று மட்டும் எழுதினால் போதாது. தண்ணீர் இல்லாத இடம், இத்தனை வெயில், இத்தனை நாய் என்று எழுத வேண்டும். சட்டம் கேட்பது பசி, தாகத்தால் வேதனைப்படும் சூழலை. புல் இருக்கும் பூங்காவில்தான் விட்டேன் என்பதுதான் எதிர்த்தரப்பின் வழக்கமான பதில்.

யாராவது விஷம் வைத்தோ அடித்தோ கொன்றிருந்தால் கதை வேறு. தேவையற்ற கொடூரமான முறையில் கொல்வது வதைத் தடுப்புச் சட்டத்திலேயே காவல்துறை நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம். நியாய சம்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் பிராணியின் விலை பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்ற கணக்கு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது இல்லை. ஆனால் இந்தப் பிரிவு இன்னொருவருக்கு இழப்பு உண்டாக்கும் எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது. சொந்த முயலைத் தெருவில் விட்டவர்மீது இதைப் போடச் சொன்னால் நிற்காது.

பக்கத்து மாடியில் இருக்கும் முயல்

இதுதான் மிகவும் சங்கடமானது. வெயிலில் கூண்டு, காலி தண்ணீர்க் கிண்ணம், சன்னல் வழியே தெரிகிறது. ஏறிக் குதித்து எடுத்து வந்தால் அத்துமீறல், திருட்டு என்று இரண்டு குற்றம் நம்மேல் விழும். உண்மையான குற்றவாளி புகார்தாரர் ஆகிவிடுவார். பிராணியைக் கைப்பற்றும் அதிகாரம் வதைத் தடுப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி காவலருக்கு மேல்நிலையில் உள்ள காவல் அதிகாரிக்கும் மாநில அரசு அதிகாரம் அளித்தவருக்கும்தான். நாம் செய்யக்கூடியது நம் வீட்டிலிருந்து நேரத்தோடு படமெடுப்பது, முதலில் நேரில் பேசிப் பார்ப்பது, பிறகு மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் நிலையத்துக்கும் எழுதுவது. மாவட்டத்துக்கு ஒரு சங்கம் இருக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பாதிப்பேர் விஷயத்தில் நேரில் பேசுவதே வேலை செய்யும். பலருக்கு முயலுக்கு வெயில் ஆகாது என்பதே தெரியாது. நேரமில்லாமல் தவிப்பவரிடம், "எங்ககிட்ட கொடுத்துடுறீங்களா?" என்று கேட்டால் நிம்மதியோடு கொடுத்துவிடுவார். இன்னொருவரிடம் ஒப்படைப்பது கைவிடுதல் ஆகாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இறைச்சிக்காக வளர்க்கிறேன் என்பவரிடம் வாதாடிப் பயனில்லை. உணவுக்காகக் கொல்வது, தேவையற்ற வேதனை இல்லாதவரை, அந்தச் சட்டத்தில் குற்றமல்ல. கூண்டும் தண்ணீரும் ஏற்றிச் செல்லும் முறையும் மட்டும் கேட்கலாம். செல்லப்பிராணிக் கடைகளோ 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கடைமீது புகார் எழுதும்போது முதல் கேள்வி அந்தப் பதிவாக இருக்கட்டும்.

காவல்துறை கைப்பற்றிய முயல்களை உங்களிடம் ஒப்படைத்தால் அவை வழக்குச் சொத்து. 2017-ஆம் ஆண்டு விதிகள் இதற்கென்றே இருக்கின்றன. வழக்கு முடியும்வரை காப்பகத்திலோ விலங்கு நல அமைப்பிடமோ வைத்திருக்கலாம், பராமரிப்புச் செலவையும் குற்றம்சாட்டப்பட்டவரிடம் கேட்கலாம். இடம் போதவில்லை என்று நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நாலு முயலைத் தத்துக் கொடுத்துவிட்டால், எண்ணிக்கை குறைந்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண், படம், எடை எழுதிய பதிவேடு வையுங்கள். ஆணையும் பெண்ணையும் முதல் மணி நேரத்திலேயே பிரியுங்கள். இருபது முயல் ஒப்படைத்த இடத்தில் அடுத்த மாதம் அறுபது இருந்தால் அதையும் விளக்க வேண்டும்.

வேறு வீட்டுக்குத் தரும்போது

'இலவசம்' என்று போடாதீர்கள். இலவச முயலைத் தேடி வருகிறவர்களில் கறிக்கு வாங்குபவர் உண்டு, பாம்புக்குத் தீனி தேடுபவர் உண்டு, முயல் ரத்தம் கலந்த தலைமுடி எண்ணெய் காய்ச்சுபவரும் உண்டு. அந்த எண்ணெய்க்கு நம் ஊரில் நல்ல வியாபாரம், முடி வளர்ந்ததற்குத்தான் சான்று இல்லை. ஒரு சிறு தொகை, அடையாள அட்டை நகல், வீட்டைப் போய்ப் பார்ப்பது என்ற மூன்றும் இருந்தால் பாதிப்பேர் தாமாகவே விலகிவிடுவார்கள்.

முடிந்தவரை கருத்தடை செய்துவிட்டே கொடுங்கள். ஆணுக்கு நாலைந்து மாதத்தில் செய்யலாம். பெண்ணுக்கு அது குட்டிக்கணக்கு மட்டுமல்ல. செய்யாத பெண் முயல்களுக்கு வயதாகும்போது கருப்பைப் புற்று அதிகம் வருகிறது. அறுவைக்கு முந்தைய இரவு பட்டினி போடச் சொன்னால் மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள். அது நாய்க்கும் பூனைக்குமான விதி. முயலுக்கு வாந்தி எடுக்க வராது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். அறுவை முடிந்த ஆணை அன்றே பெண்ணோடு விட்டுவிடாதீர்கள், இன்னும் நாலு முதல் ஆறு வாரம் வரை சினை பிடிக்க வைக்க முடியும். தத்து எடுப்பவருக்கு இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார். ஒப்பந்தத் தாளில் அந்தத் தேதியைப் போட்டு, அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல், எங்கும் விடாமல், எங்களிடமே திருப்பித் தருகிறேன்.